பழைய பாய்ப்படகின் டீசல் எஞ்சின்: திறந்து திருத்துவதா, புதிது போடுவதா?

2024 பெப்ரவரி 18

"முப்பது வருசம் உப்புத்தண்ணி குடிச்ச எஞ்சினைத் திறக்கிறவன் காசைக் கடலில் கொட்டுறான். கழற்றிக் கரையில் போடு, புதுசு வை." போன கிழமை ஒருவர் எனக்கு எழுதியது இது. சரியா? சரியாகத்தான் இருக்கும் என்று இப்போதைக்கு நினைக்கிறேன். ஆனாலும் மனம் கேட்கவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

படகு 27 அடி, ஃபைபர், 1970களில் இங்கிலாந்தில் கட்டியது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் திருகோணமலையில் விட்டுவிட்டுப் போய், மூன்று கை மாறி, கடைசியில் நானும் மச்சானும் சேர்ந்து வாங்கினோம். இப்போது வாழைச்சேனையில் நிற்கிறது. உள்ளே யன்மார் 2ஜிஎம்20. இரண்டு சிலிண்டர், கடல்தண்ணீரிலேயே குளிரும் வகை. எத்தனை மணித்தியாலம் ஓடியது என்று யாருக்கும் தெரியாது, மீட்டர் இல்லை.

நோய் இதுதான். செப்டெம்பரில் பாசிக்குடாவிலிருந்து திரும்பும்போது முழுக்க முடுக்கியும் படகு நகரவில்லை. பின்னால் கறுப்புப் புகை. பத்து நிமிடத்தில் சூட்டு மணி அடித்தது. நிறுத்தினேன். காற்றும் அந்த நேரம் பார்த்துச் செத்துப்போனது. பாய் வாழையிலை மாதிரித் தொங்க, இரண்டு மணி நேரம் மிதந்தோம். கடைசியில் ஒரு மீன்பிடிப் படகு கயிறு எறிந்து இழுத்து வந்தது. அந்த அண்ணன் காசு வாங்கவில்லை, ஆனால் ஒரு கேள்வி கேட்டார்: "என்னகா, பாயைக் கொண்டு வந்திட்டு காத்தைக் கரையிலயா வெச்சிட்டு வந்தீங்க?"

ஜனவரியில் மழை விட்டதும் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம். சுற்றியது, சுற்றியது, பற்றரி இறங்கும்வரை சுற்றியது. பிடிக்கவேயில்லை.

2024 பெப்ரவரி 19

கேட்டவர்களுக்கு: 20 என்பது குதிரைவலு இல்லை, பெயர் மட்டும்தான். உச்சத்தில் 18 குதிரை, 636 சிசி. நேற்று ஒருவருக்கு 20 என்று பதில் எழுதினேன், அது தவறு.

"கடல்தண்ணீரில் குளிரும்" என்றால் என்ன என்று இன்னொருவர் கேட்டிருந்தார். காரில் ரேடியேட்டர் தண்ணீர் மூடிய வளையத்தில் ஓடும். இதில் அது இல்லை. படகின் அடியிலிருந்து கடல்தண்ணீரை இழுத்து, எஞ்சின் இரும்புக்குள்ளேயே ஓடவிட்டு, புகையோடு சேர்த்து வெளியே துப்பும். சூடு கூடினால் உப்பு உள்ளே படியும். அதனால்தான் இந்த வகையில் தேர்மோஸ்டாட், அதாவது சூட்டைப் பார்த்துத் தண்ணீருக்கு வழிவிடும் வால்வு, 42 பாகையிலேயே திறக்கத் தொடங்கி 52ல் முழுக்கத் திறந்துவிடும். அதாவது எஞ்சின் வாழ்நாள் முழுக்க வெதுவெதுப்பாகவே ஓடும். டீசலுக்கு அது அவ்வளவு நல்லதில்லை, ஆனால் உப்பு படிவதைவிடப் பரவாயில்லை.

2024 பெப்ரவரி 20

"பாய்ப்படகுக்கு எதற்கு எஞ்சின்? அந்தக் காலத்தில் நம்மட ஆட்கள் எஞ்சினோடா போனார்கள்?"

போனார்கள், பாய் மட்டும் கட்டிப் போனார்கள். விடியக் கரைக்காற்றில் வெளியே, பின்னேரம் கடற்காற்றில் உள்ளே. அவர்களுக்கு நேரம் காற்று சொன்னபடி. எனக்குத் திங்கட்கிழமை காலை எட்டரைக்கு மட்டக்களப்பில் கந்தோரில் கையெழுத்து வைக்க வேண்டும். அதோடு ஜூன், ஜூலையில் கச்சான் காற்று, மேற்கேயிருந்து வருவது, கரையிலிருந்து கடலுக்கு அடிக்கும்போது வெளியே நின்று பார்த்தீர்களா? படகின் மூக்கை மேற்கே திருப்ப முடியாது. வாழைச்சேனை வாய்க்குள் இரண்டு பக்கமும் படகு நிற்க, பாயை இழுத்து இழுத்து வளைந்து வருவது பார்க்கிறவனுக்கு அழகு.

இன்னொரு யோசனை: படகை மட்டக்களப்பு வாவிக்குள் கொண்டு வந்து வீட்டடியில் வைத்து வேலை செய்யலாமே என்று. வீடு கல்லடிப் பாலத்துக்குத் தெற்கே. முகத்துவாரத்தில் மணல் விட்டால் உள்ளே வரலாம், ஆனால் பாலத்துக்குக் கீழே பாய்மரம் போகாது. 1924ல் கட்டிய பழைய இரும்புப் பாலமும் அங்கேதான் நிற்கிறது, 2013ல் திறந்த புதுப்பாலமும் பக்கத்தில் நிற்கிறது. இரண்டுமே என் மரத்துக்காக எழும்பி நிற்காது.

2024 மார்ச் 2

இன்று வெறும் கையால் செய்யக்கூடியதெல்லாம் செய்தேன்.

ஒயில் குச்சியை இழுத்தேன். கறுப்பு, ஆனால் பால்தேத்தண்ணி நிறம் இல்லை. தண்ணீர் கலந்திருந்தால் அந்த நிறம்தான் வரும். ஒரு மூச்சு விட்டேன்.

பிறகு கைப்பிடி போட்டுச் சுற்றினேன். இந்த எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் மேலே ஒரு சின்ன நெம்பு இருக்கிறது. அதைத் தூக்கினால் காற்று இறுக்கம் விட்டு லேசாகச் சுற்றும். ஒன்றை மட்டும் இறக்கிவிட்டுச் சுற்றினால் அந்தச் சிலிண்டரின் இறுக்கம் உள்ளங்கையில் தெரியும். முன் சிலிண்டர் கழுதை மாதிரி எதிர்த்தது. பின் சிலிண்டர் புஸ்ஸென்று பெருமூச்சு விட்டு வழிவிட்டது. பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

டீசல் ஃபில்டரைத் திறந்தால் அடியில் வெந்தயக்களி மாதிரி ஒரு கறுப்புக் கூழ். இதன் கதை தெரியும். 2022 ஜூனில் டீசல் 460 ரூபாவுக்குப் போனபோது வரிசையில் நின்று கிடைத்ததையெல்லாம் கேனில் சேர்த்து, பிறகு தாங்கிக்குள் ஊற்றி, அரைத்தாங்கியாக அப்படியே விட்டோம். காலியான பாதியில் வியர்த்த தண்ணீர் அடியில் இறங்கும். தண்ணீரும் டீசலும் சந்திக்கிற இடத்தில் கிருமி வளரும். அதுதான் அந்தக் கூழ்.

கடைசியாகக் கீழே மூழ்கிப் பார்த்தேன். படகைத் தள்ளும் விசிறியைக் காணவில்லை. அதாவது இருக்கிறது, ஆனால் சிப்பியும் ஊரியும் மூடி ஒரு பலாக்காய் மாதிரி இருக்கிறது. செப்டெம்பரில் படகு நகராததற்குப் பாதிக் காரணம் இதுவாகவே இருக்கலாம். அப்போதே ஒருமுறை மூழ்கியிருந்தால் என்ன என்று நினைத்தேன். கையில் மூன்று வெட்டு.

2024 மார்ச் 10

ஓட்டமாவடியிலிருந்து ஒரு காக்கா வந்து பார்த்தார் (முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவோம்). நாற்பது வருடம் மீன்பிடிப் படகு எஞ்சின்களோடு கிடப்பவர். சாவியைத் தொடவில்லை, ஸ்டார்ட் பண்ணச் சொல்லவுமில்லை. நேரே பின்னால் போய்ப் புகைக்குழாய் எல்போவைக் கழற்றினார். புகையும் கடல்தண்ணீரும் சேரும் வளைவு அது. கழற்றி என் கண்ணுக்கு நேரே பிடித்தார். கை நுழைய வேண்டிய துவாரத்தில் பென்சில் நுழையும் அளவுக்குத்தான் வழி. மற்றதெல்லாம் கரியும் துருவும்.

"இது மௌத்தாகல்ல தம்பி. மூச்சடைச்சுக் கிடக்கு."

விட வேண்டிய மூச்சை விட முடியாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது. அப்போது டீசல் சரியாக எரியாது, கறுப்புப் புகை, சூடு, பலமின்மை. எல்லாம் ஒரே எல்போவில்! வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன், ஒரு எல்போ விலையில் வேலை முடிந்தது என்று. "எழுதி வைங்க," என்றாள்.

2024 மார்ச் 11

எழுதி வைத்தேன், மேலே இருக்கிறது. இன்று காக்கா ஃபோன் எடுத்துச் சொன்னார்: எல்போவின் உள்சுவரில் ஓட்டை. எஞ்சின் நிற்கும்போது தண்ணீர் முன்னால் போகாமல் பின்னால், எஞ்சின் பக்கம் வடிந்திருக்கலாம். ஹெட்டை, அதாவது சிலிண்டர்களை மேலே மூடும் மூடியை, திறக்காமல் ஒன்றும் சொல்ல முடியாதாம்.

2024 மார்ச் 24

கொழும்பிலிருந்து புது எஞ்சினுக்குக் கொட்டேஷன் வந்தது. தொகையை எழுதவில்லை, எழுதினால் மச்சானின் மாமனார் படித்துவிடுவார். அந்தக் காசுக்கு இரண்டு பழைய ஓட்டோ வாங்கலாம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக அதை 100 என்று சொல்வோம்.

பெப்ரவரியில் நான் புது எஞ்சின் பக்கம்தான் சாய்ந்திருந்தேன். புதுசு என்றால் தலைவலி இல்லை என்ற ஒரே காரணம். ஞாயிறு முழுக்க அளவுநாடாவோடு படகுக்குள் குனிந்து கிடந்த பிறகு அந்த நினைப்பு ஆட்டம் கண்டுவிட்டது.

முதலில் வலு. இப்போது அதே கம்பனியின் இரண்டு சிலிண்டர் 2வைஎம்15, 13.6 குதிரை. நம்முடையது 18. அதற்குக் கிட்ட வேண்டுமென்றால் மூன்று சிலிண்டர் 3வைஎம்20, 21 குதிரை. மூன்று சிலிண்டர் என்றால் நீளம். பெட்டிக்குள் எஞ்சினின் முன்பக்கத்துக்கும் கபின் படிக்கட்டுக்கும் இடையில் என் நான்கு விரல்தான் போகிறது. மூன்றாவது சிலிண்டரை எங்கே வைப்பது? படியை வெட்டினால் பெட்டியை வெட்ட வேண்டும், பெட்டியை வெட்டினால் அடுப்பு மேசையை நகர்த்த வேண்டும். மச்சான், "அப்ப தேத்தண்ணிய எங்க போடுற?" என்றான். அந்தக் கேள்விதான் மூன்று சிலிண்டரைச் சாகடித்தது.

அப்புறம் எஞ்சின் உட்காரும் இடம். ஃபைபருக்குள் பொதிந்த மரக்கட்டை இரண்டு. கால் துவாரங்களின் அகலம் மாறினால் பழைய துவாரத்தை அடைத்துப் புதிதாகத் துளைக்க வேண்டும். துளைக்கும்போது உள்ளே மரம் ஈரமாக வந்தால்? பழைய ஒயிலில் ஊறியிருந்தால் ஃபைபர் ஒட்டாது. அப்புறம் விசிறியைச் சுற்றும் ஷாஃப்ட். எஞ்சின் இரண்டு மில்லிமீட்டர் உயர்ந்தாலும் ஷாஃப்ட்டோடு நேர்கோட்டில் வராது, அதிரும், ரப்பர் கால் கிழியும். கியர்பொக்ஸ் விகிதம் மாறினால் விசிறியையும் மாற்ற வேண்டும். நம்முடையது 2.62. எஞ்சின் 3400 சுற்றினால் விசிறி ஏறக்குறைய 1300. குதிரை குறைந்த எஞ்சினுக்கு இதே விசிறியைக் கொடுத்தால் அதால் முழுச் சுற்றுக்கு ஏறவே முடியாது, மறுபடி கறுப்புப் புகை.

இன்னும் இருக்கிறது. புகைக்குழாய் ரப்பர், தண்ணீர்ப் பெட்டி, மீட்டர் பலகை, வயர், கடல்தண்ணீர் உள்ளே வரும் அடித்துவார வால்வு. இதில் எதுவும் கொட்டேஷனில் இல்லை. கேட்டேன். "அது உங்கட பக்கத்து வேலை" என்றார்கள். நியாயம்தான். எல்லாம் கூட்டிப் பார்த்தால் 100 என்றது 150ஐத் தொடுகிறது.

என்றாலும் காசை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது. புது எஞ்சின் நல்ல தண்ணீர் வளையத்தோடு வரும், துரு குறையும், சத்தம் குறையும், மச்சானின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகத் துணிவு வரும். இதற்கெல்லாம் ஒரு விலை இருக்கிறது. அது எவ்வளவு என்று எனக்குள்ளே இன்னும் முடிவாகவில்லை.

நானும் மச்சானும் ஒரு கோடு கிழித்தோம்: திருத்தும் செலவு 40ஐத் தாண்டினால் நிறுத்திவிட்டுப் புதுசு.

2024 மார்ச் 27

லேண்ட்மாஸ்டர் (வயல் உழுகிற கை டிராக்டர்) எஞ்சினைப் பூட்டச் சொன்ன நான்கு பேருக்கும் பொதுவான பதில். உதிரிப்பாகம் ஏறாவூரிலும் கிடைக்கும், களுவாஞ்சிக்குடியிலும் கிடைக்கும், உண்மை. ஒரு சிலிண்டர், படுத்துக்கிடக்கும், மேலே திறந்த தொட்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும். வயலில் அது ராசா. சாய்ந்து போகும் பாய்ப்படகில் அந்தக் கொதிதண்ணீர் யார் காலில் ஊற்றும் என்று யோசித்துப் பாருங்கள். உலையில் அரிசி போடலாம் என்று எழுதியவருக்கு: போடலாம்.

பழைய கார் டீசலைக் கடலுக்கு மாற்றிப் பூட்டுவது வேறு. அதை இங்கே நன்றாகச் செய்கிறார்கள், பெரிய படகில் ஓடிக்கொண்டும் இருக்கிறது. எனக்கு இடமில்லை, அவ்வளவுதான்.

2024 ஏப்ரல் 20

நோன்பு, பெருநாள், சித்திரை வருசம் எல்லாம் முடிந்தது. நோன்பு நாளில் காக்கா காலையில் மட்டும் வேலை செய்தார், நானும் அவசரப்படுத்தவில்லை. வியாழக்கிழமை ஹெட்டைத் திறந்தோம்.

இதைக் கொஞ்சம் விபரமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் நான் பயந்த இடம் இதுதான். நட்டுகளைக் கழற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே காக்கா ஒயில் விட்டு ஊறவைத்திருந்தார். ஒவ்வொன்றையும் முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு மயிரிழை, பிறகு கழற்றுகிற பக்கம். ஒன்றும் முறியவில்லை. ஹெட் ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தியலால் அடிக்கவில்லை. ஒரு மரக்கட்டையை வைத்துத் தட்டினார், சுற்றிச் சுற்றி, குழந்தையை எழுப்புவது போல. பத்தாவது சுற்றில் ஒரு சத்தம். பழுத்த பலாப்பழம் பிளக்கிற சத்தம்.

உள்ளே தண்ணீர் ஓடும் துவாரங்களைப் பார்த்தேன். துருச் செதில் அடுக்கடுக்காக. தேக்கரண்டியால் வழித்தெடுத்து ஒரு ஜேம் போத்தலில் போட்டோம், அரைப் போத்தல். இந்த வழியாகத்தான் எஞ்சின் குளிர வேண்டும். உள்ளே துத்தநாகக் கட்டை ஒன்று இருக்கிறது, உப்பு முதலில் அதைத் தின்னட்டும், இரும்பை விடட்டும் என்று வைப்பது. அது இருந்த இடத்தில் நூல் மட்டும் எஞ்சியிருந்தது. எத்தனை வருடமாக மாற்றவில்லையோ. எங்களுக்கு முந்தியவர்களைத் திட்டலாம் என்று பார்த்தால், நாங்களும் மூன்று வருடம் வைத்திருந்து ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

காக்கா சிலிண்டர் சுவரில் பெருவிரல் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தார். மேலே பிஸ்டன் திரும்புகிற இடத்தில் நகம் தடுக்கினால் கெட்ட சகுனம். தடுக்கவில்லை. லேத்காரர் பிறகு கருவி போட்டு அளந்தார்: 75 மில்லிமீட்டர் துவாரத்தில் தேய்மானம் 0.05. "இன்னும் ஓடும்" என்றார் காக்கா, நகத்தைப் பார்த்தபடி.

2024 ஏப்ரல் 21

மார்ச் 2ல் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன், ஆனால் அது தவறு. பின் சிலிண்டரில் காற்றுப் போனது வளையத்தால் இல்லை. புகை வால்வு உட்காரும் இடம் துருப்பிடித்துக் குழி விழுந்திருந்தது. வால்வு மூடுகிறது, ஆனால் இறுகவில்லை.

தண்ணீர் எப்படி அங்கே வந்தது? எல்போ ஓட்டை ஒரு காரணம். பெரிய காரணம் நான். ஜனவரியில் பற்றரி இறங்கும்வரை சுற்றினோம் என்று பெருமையாக எழுதியிருந்தேனே, அப்போது அடித்துவார வால்வு திறந்தே இருந்தது. எஞ்சின் பிடிக்காவிட்டாலும் சுற்றச் சுற்றத் தண்ணீர்ப் பம்ப் இறைத்துக்கொண்டே இருக்கும். தண்ணீரை வெளியே தள்ளப் புகையின் வேகம் இல்லை. புகைக்குழாயில் உள்ள தண்ணீர்ப் பெட்டி நிரம்பி, தண்ணீர் திரும்பி எஞ்சினுக்குள் ஏறும். நீண்ட நேரம் சுற்றுவதாயிருந்தால் அடித்துவாரத்தை மூடிவிட்டுச் சுற்ற வேண்டும், பிடித்த உடனே ஓடிப்போய்த் திறக்க வேண்டும். இது காக்காவின் பேரனுக்கும் தெரியும். எனக்குத் தெரியவில்லை. வால்வோடு நின்றது அதிர்ஷ்டம். சிலிண்டருக்குள் நிறைந்திருந்தால் பிஸ்டனைத் தள்ளும் கொனெக்டிங் ரொட் வளைந்திருக்கும்.

எஞ்சின் கிழடு என்று நான் சொல்லிக்கொண்டிருந்த நோய்களில் எத்தனை எஞ்சினின் வயதால் வந்தவை என்று இப்போது எண்ணிப் பார்க்கிறேன். விசிறிச் சிப்பி, தாங்கிக் கூழ், துத்தநாகக் கட்டை, வால்வு. ஒன்றுகூட இல்லை. எல்போவை வேண்டுமானால் வயதுக் கணக்கில் போடலாம்.

2024 மே 5

ஹெட்டுக்கு அடியில் கசியாமல் வைக்கிற காஸ்கெட் வந்தது. மூன்று சிலிண்டர் காஸ்கெட். இலக்கத்தைத் தெளிவாக எழுதி, பழையதன் படத்தையும் அனுப்பி, இரண்டு தரம் ஃபோனில் சொன்னேன். கடைக்காரர், "ஒரு துவாரம் கூடத்தானே இருக்கு" என்றார். நான் பதில் சொல்லவில்லை. திருப்பி எடுக்க மாட்டார்களாம்.

2024 மே 26

இந்த மாதம் முடிவைப் புரட்டிப் போடப் பார்த்தது.

வால்வு இருக்கைகளை லேத்தில் வெட்டக் கொடுத்தபோது, ஹெட்டையும் ஒருமுறை அழுத்திப் பார்க்கச் சொன்னார் காக்கா. தண்ணீர் வழிகளைத் தகடு வைத்து அடைத்து, பாதியாக வெட்டிய பீப்பாவில் அமிழ்த்தி, ஒரு காற்று வால்வு வழியாகச் சைக்கிள் பம்பால் காற்றடித்தோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு துவாரங்களுக்கு இடையில், கடுகளவு குமிழ் ஒன்று. ஒன்று, பிறகு ஒன்று, பிறகு வரிசையாக. பார்த்துக்கொண்டே நின்றோம். ஹெட்டில் மயிர்வெடிப்பு.

வெடித்தது பிளொக்காக, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் கீழுடலாக, இருந்தால் அத்தோடு கதை முடிந்தது, அன்றைக்கே கொழும்புக்கு ஃபோன் எடுத்திருப்பேன். ஹெட் என்றபடியால் தேட இடமிருந்தது. திருகோணமலையில் ஒருவரிடம் இதே எஞ்சின், கீழ்ப்பாதி உடைந்தது, ஹெட் நல்லது. நேரில் போய், அங்கேயே ஒரு வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் காற்றடித்துப் பார்த்துத்தான் காசு கொடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். பரவாயில்லை.

கணக்கு: கோடு 40 என்றோம். ஹெட்டோடு 49 ஆகிவிட்டது. நிறுத்தவில்லை. கோடு கிழித்தவனே கோட்டைத் தாண்டினான் என்று மச்சான் சொல்கிறான். இதுவரை போட்டதை விட்டுவிட மனமில்லை என்பது ஒரு காரணம். அது நல்ல காரணம் இல்லை என்று தெரியும். மற்றக் காரணத்தைச் சொல்கிறேன். இந்த எஞ்சினை இப்போது நான் நட்டு நட்டாக அறிவேன். காக்கா இருபது நிமிடத்தில் வந்து சேருவார். புது எஞ்சினுக்கு ஏதும் நடந்தால் கொழும்பிலிருந்து ஆள் வர வேண்டும், அந்த ஆளுக்கு நான் தங்க இடம், சாப்பாடு, நண்டுக்கறி எல்லாம் கொடுக்க வேண்டும். எங்கே எஞ்சினைத் தெரிந்த கை இருக்கிறதோ அங்கேதான் என் காசு. கொழும்பில் படகு நின்றிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

2024 ஜூன் 2

"திறந்ததுதான் திறந்தீர்கள், நல்ல தண்ணீர் வளையத்துக்கு மாற்றிவிடுங்களேன்." இதைப் பற்றி ஒரு கிழமை யோசித்தேன். காக்காவுக்கு விருப்பமில்லை. முப்பது வருடம் உப்பு ஓடிய இரும்பில் சூட்டை ஏற்றி, உள்ளே இரசாயனம் கலந்த தண்ணீரை விட்டால், எஞ்சிய துருச் செதிலெல்லாம் கழன்று நடமாடத் தொடங்கும். சில இடங்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருப்பதே அந்தத் துருதான். சரி, விட்டுவிட்டேன். பதிலுக்கு உறிஞ்சும் குழாயில் ஒரு ரீ (T) வளைவும் வால்வும் பூட்டினோம். ஒவ்வொரு பயணமும் முடிந்து கட்டியதும் அடித்துவாரத்தை மூடி, வாளியில் கிணற்றுத் தண்ணீர், ஐந்து நிமிட ஓட்டம்.

பிளொக்கின் தண்ணீர் வழிகளுக்குத் தென்னை விநாகிரி ஊற்றி இரவு முழுக்க ஊறவிட்டார்கள். பட்டறை முழுக்க அச்சாறு வாசம்.

2024 ஓகஸ்ட் 6

மாமாங்கக் கோயில் தீர்த்தம் ஞாயிறு முடிந்தது. அதற்கு முன் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டா. இன்று பண்ணினோம்.

சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் இரண்டையும் டவுனில் டீசல் பம்ப் திருத்துகிற கடையில் சதுர சென்டிமீட்டருக்கு 170 கிலோ அழுத்தத்துக்கு வைத்துத் தந்தார்கள். வால்வு இடைவெளி குளிரில் 0.2 மில்லிமீட்டர். தாங்கியைக் கழுவி, புது டீசல், புது ஃபில்டர். காற்றை வெளியேற்ற நட்டைத் தளர்த்திக் கைப்பம்பை அழுத்தினேன்; நுரை, நுரை, நுரை, பிறகு கண்ணாடி மாதிரி டீசல். நெம்பு இரண்டையும் தூக்கிச் சுற்றவிட்டு, வேகம் வந்ததும் ஒன்றை இறக்கினேன். டொக். மற்றதை இறக்கினேன். டொக் டொக் டொக்.

முதல் ஒரு நிமிடம் வெள்ளைப் புகை, பிறகு தெளிந்துவிட்டது. பின்னால் தண்ணீர் துப்பிய சத்தம் கேட்டுக் காக்கா குனிந்து கையால் பிடித்துப் பார்த்தார். "சூடு காணும்" என்றார். தேர்மோஸ்டாட் வேலை செய்கிறதென்று அர்த்தம்.

மொத்தம் 57. மாமனார் கேட்டால் 40.

2024 ஓகஸ்ட் 25

கடலில் நான்கு மணி நேரம். கல்குடா முனையைச் சுற்றி, வெளியே போய், கச்சானை முகத்தில் வாங்கிக்கொண்டே திரும்பினோம். பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினில் மட்டும். மேற்கே மூக்கு திரும்பியது. புகை இல்லை, மணி அடிக்கவில்லை.

ஆனால் முழுவதும் சந்தோசமாக எழுத முடியவில்லை. வழியெல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு எஞ்சினையே கேட்டுக்கொண்டிருந்தேன். மச்சான் பாட்டுப் போட்டான், நிறுத்தச் சொன்னேன். பிள்ளைகளை ஏற்றவில்லை. புது எஞ்சினாக இருந்திருந்தால் ஏற்றியிருப்பேனா என்ற கேள்வி இன்னும் கிடக்கிறது. அந்தத் துணிவுக்கு ஒரு விலை இருக்கிறது என்று மார்ச்சில் எழுதினேன். 93 வித்தியாசம். அடுத்த வருடம் சொல்கிறேன்.

பெப்ரவரியில் முதல் வரியில் இருக்கும் கருத்தை எழுதியவர் நேற்று மறுபடி எழுதியிருந்தார்: "பிளொக் வெடிச்சிருந்தா நான் சொன்னதுதானே சரி?" ஓம், சரி. கீழே பேரிங் போயிருந்தாலும் சரி. ஆனால் அதைத் திறக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

2024 ஒக்டோபர் 20

ஒலுவில் பக்கத்திலிருந்து ஒருவர். மீன்பிடிப் படகு, வேறு எஞ்சின், ஆனால் அதே கதை: கறுப்புப் புகை, சூடு, வேகமில்லை, கொழும்புக் கொட்டேஷன் கையில். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

தம்பி, முதலில் மூழ்கி விசிறியைப் பாருங்கள். பிறகு எல்போவைக் கழற்றிப் பென்சில் விடுங்கள். பிறகு ஃபில்டர். மூன்றும் ஒரு நாள் வேலை. அதற்குப் பிறகும் புகைத்தால் எழுதுங்கள். ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கும்போது அடித்துவாரத்தை மறக்காதீர்கள்!

வாடைக் காற்று தொடங்கப் போகிறது, எங்கள் படகைப் பெப்ரவரிவரை நிறுத்தப் போகிறோம். தாங்கியை வாய்வரை நிரப்பியாயிற்று, வியர்க்க இடமில்லாமல். கிணற்றுத் தண்ணீர் ஓட்டியாயிற்று, துத்தநாகக் கட்டை புதிது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆள் போய் நெம்பைத் தூக்கிக் கையால் நான்கு சுற்றுச் சுற்ற வேண்டும். அந்த வேலையை மச்சானின் மூத்தவள் எடுத்துக்கொண்டாள், பத்து வயது. போன ஞாயிறு ஒரு நெம்பை மட்டும் இறக்கிவிட்டுச் சுற்றிப் பார்த்திருக்கிறாள். "மாமா, பின்னுக்கு உள்ளது இப்ப முன்னுக்கு உள்ளதவிட இறுக்கம்" என்றாள். போய்ப் பார்த்தேன். உண்மைதான்.

மூன்று சிலிண்டர் காஸ்கெட் இன்னும் என்னிடம் இருக்கிறது. 3ஜிஎம்30 வைத்திருப்பவர் யாராவது இருந்தால் சொல்லுங்கள், தபால் செலவு மட்டும் தந்தால் போதும்.